நார்மல் ஸ்டைலில் ஒரு சிரிப்பு

மே 6, திங்கள்
விடுமுறைக்கு என்னைச் சித்தியின் டைப்பிங் கடையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வீட்டில் என் தொல்லை தாங்கவில்லையாம். கடை மட்டும் தாங்குமா?

சித்தி ஒப்பந்தப் பிரிவுகளுக்கு எண்களைக் கையால்தான் அடிக்கிறார். நடுவில் ஒன்று சேர்ந்தால், கீழே உள்ள எல்லா எண்களையும் அழித்து மறுபடி அடிக்கிறார். தானாக எண் போடும் பட்டனைத் தொடுவதில்லை. அது தன் இஷ்டத்துக்கு ஆடுமாம்.

ஆடவிட்டால் என்ன?

மே 7
சித்தி சாப்பிடப் போனார். வேர்டில் எல்லாப் பத்திக்கும் அடிப்படையான நார்மல் ஸ்டைலுக்கே, வரிக்கு முன்னால் புள்ளி வைக்கும் புல்லட்டாக ஒரு சிரிக்கும் முகத்தை மாட்டிவிட்டேன். இனி புது ஃபைல் எதைத் திறந்தாலும் பத்திக்குப் பத்தி பல் இளிக்கும்.

மே 8
இளித்தது. கடைக்கு வழக்கமாக வேலை தரும் வக்கீலின் வாடகை ஒப்பந்தத்தில். தலைப்பு, கையெழுத்துப் போடும் இடம் உட்பட. தலைப்பு ஸ்டைலும் நார்மலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்று எனக்குத் தெரியாது. சித்தி ஒவ்வொன்றாக அழித்து, அவசரத்தில் அனுப்பினார். ஒன்று தப்பிவிட்டது: ‘வாடகை தராவிட்டால் வெளியேற வேண்டும்’ என்ற வரிக்கு முன்னால்.

மே 9
வக்கீல் வந்தார். கத்தவில்லை. “கட்சிக்காரர் நான் கிண்டல் பண்றேன்னு நினைச்சுட்டார்மா” என்றார். இனி எதிர்க்கடைதானாம். கடை ஓடுவதே பாதி அவரால்தான்.

வைரஸ் என்று சித்தி நம்பினார். விட்டிருக்கலாம். சொல்லித் தொலைச்சிட்டேன். திட்டியிருந்தா பரவாயில்ல. கடையைப் பூட்டச் சாவி எங்கன்னு மட்டும் கேட்டாங்க. ஏன் திட்டல?

மே 10
நார்மலிலிருந்து முகத்தைக் கழற்றினேன். பிரிவுகளுக்குத் தனி ஸ்டைல் செய்து, எண்களை அதோடு கட்டினேன். சித்தி பார்க்காத மாதிரி பார்த்தார்.

மே 13
யாரும் வரவில்லை. பிரிண்டர்கூட இருமவில்லை.

மே 15
வக்கீலின் குமாஸ்தா வந்தார். எதிர்க்கடையில் அடித்த ஒப்பந்தம். நடுவில் சில பிரிவுகள் சேர வேண்டும், இன்றைக்கே. அங்கே நாளைக்குத்தான் முடியுமாம்.

சித்தி நாற்காலியை விட்டு எழுந்தார். “உக்காருடி. பொம்மை கிம்மை வந்துச்சு, உன்னைப் பிரிண்டர்ல விட்டு எடுத்துடுவேன்.”

கையால் அடித்த எண்களை நீக்கி, என் ஸ்டைலைக் கொடுத்தேன். புதுப் பிரிவுகள் நுழைந்ததும் மற்றவை தானாகத் தள்ளி உட்கார்ந்தன. நான் காலரைத் தூக்குவதற்குள் சித்தி திரையில் விரலை வைத்தார்.

“உள்ள ‘ஒன்பதாம் பிரிவின்படி’ன்னு இருக்கே, அதுவும் நகர்ந்துச்சா?”

நகரவில்லை. அவர் தேடித் தேடிச் சொல்ல, நான் திருத்தினேன்.

குமாஸ்தா நின்றபடியே படித்து முடித்தார். பைக்குள்ளிருந்து இன்னொரு ஃபைலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். சித்தி தனக்கொரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.