வியாழக்கிழமை முழுநாள்

ஹின்டர்மாட்,
பிப்ரவரி 8, வியாழன்.

என் அன்பு செரைனா,

நீயும் உன் அக்கா வீட்டாரும் நலம்தானே? பாசெலில் நல்ல வெயில் என்று வானொலியில் சொன்னார்கள். உனக்கு அது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும் உண்டு. நீ கிளம்பிய வாரம் மலைக்குப் பின்னால் போன சூரியன் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பகலெல்லாம் பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். பனியில் நடப்பவர்களின் காலடிச் சத்தம்கூடக் கேட்பதில்லை. ஊரே பாதித் தூக்கத்தில் நடமாடுகிறது, நானும்தான்.

வேலை பழையபடிதான். அதே சமையலறை ஜன்னல், காதில் அதே ஹெட்ஃபோன், எந்த ஊரிலோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு அவசர பட்டனை அழுத்தியவர்களின் குரல்கள். செவ்வாயன்று லுசெர்னில் ஒரு பெண், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில். கையில் பிறந்தநாள் கேக் வேறு. மெக்கானிக் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றதும், "ஐயோ, லைனை மட்டும் வெச்சிடாதீங்க" என்று அழுதாள். வைக்க மாட்டேன், இங்கேயேதான் இருக்கிறேன் என்றேன். எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்று கேட்டாள். தலைமை அலுவலகம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்: மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர், வெளியே பனி கொட்டுகிறது, அடுப்பில் சூப் இருக்கிறது. அவள் அழுகையை நிறுத்தி, "எவ்வளவு பொறுமையா பேசுறீங்க! உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க" என்றாள். மெக்கானிக் வரும்வரை அவளிடம் சூப்பைப் பற்றியே பேசினேன்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் கீழ்வீட்டு குப்லி அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். எல்லா வீட்டுக்கும் பொதுவான துவைக்கும் அறையின் சாவி அவர் இடுப்பில் இருக்கும்வரை இந்தக் கட்டடத்தில் எதையும் மறைக்க முடியாது. "தப்பா நெனைக்காதீங்க ஃபிரிடோலின், ரெண்டு மாசமா உங்க கொடியில ஆம்பளச் சட்டையாவே தொங்குது. துவைக்குறதுக்குக் குடும்பத்துக்கு முழுநாள், தனி ஆளுக்கு அரைநாள்தானே கணக்கு? மாடிப் பொண்ணுக்கு ரெட்டைக் குழந்தை. மார்ச் மாசப் பட்டியல்ல உங்க வியாழக்கிழமையில பாதிய அவளுக்குக் குடுத்துடலாமா?" என்றார். நியாயமான கேள்வி. நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இல்லம்மா, நாங்க ரெண்டு பேர்" என்றேன்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! நீ விட்டுப்போன துணிகளை வாராவாரம் துவைக்கிறேன். நீல ஸ்வெட்டர், பூப்போட்ட படுக்கை விரிப்பு, மூன்று ஜோடி காலுறை. அழுக்கே இல்லாத துணிகள். துவைத்து, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி முன்கொடியில் போடுகிறேன். போன வாரம் குப்லி அம்மா அந்த ஸ்வெட்டரின் கையைப் பிடித்துப் பார்த்து, "உங்க வீட்டம்மா ஒரே ஸ்வெட்டரத்தான் போடுறாங்களா? அதுவும் வாரத்துக்கு வாரம் சின்னதாயிட்டே வருதே!" என்றார். உண்மைதான், சுருங்கிவிட்டது. இனி அது உன் அக்கா மகளுக்குத்தான் ஆகும். மன்னித்துவிடு.

நீ கிளம்பிய அன்று, "ஊருக்கெல்லாம் காது குடுக்குற, நான் பேச வந்தா மட்டும் கழட்டி வெச்சிடுற" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது ஒவ்வொரு வியாழனும் அந்தக் கொடிக்குக் கீழே நின்று அதையே நினைக்கிறேன். முகம் தெரியாதவர்களிடம், மூச்சு விட முடிகிறதா, பயமாக இருக்கிறதா என்று கேட்கிறவன் நான். மூன்று குளிர்காலம் நீ இந்த இருட்டில் மாட்டிக்கொண்டு கிடந்தாய். உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மாலை வேளை அழைப்புகளை எடுக்க மாட்டேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். நாலு மணிக்கு ஹெட்ஃபோன் அலமாரிக்குள் போய்விடுகிறது. அப்புறம் வீடு முழுக்க அமைதி, நீ பேசினால் கேட்பதற்குத் தயாராக.

இன்று காலை குப்லி அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புதிய பட்டியலில் வியாழக்கிழமைக்கு நேராக என் பெயரை மையால் எழுதினார். பிறகு மேசை இழுப்பறையில் துழாவி ஒரு பென்சிலை எடுத்து, பக்கத்தில் உன் பெயரை எழுதினார். எதையும் பென்சிலால் எழுதாத மனுஷி! "இந்த மாசக் கடைசி வரைக்கும் அழிக்க மாட்டேன். அதுக்கப்புறம் அந்த ரெட்டைப் பிள்ளைங்க துணியும் இருக்குல்ல" என்றார்.

அடுத்த வியாழன் பன்னிரண்டு இருபதுக்கு, நாலே நிமிடம், சூரியன் முகட்டைத் தாண்டி நம் ஜன்னலுக்கு வரும். முதலில் படுவது உன் நாற்காலியில்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வருவதும் வராததும் உன் விருப்பம். லைனை மட்டும் வைத்துவிடாதே, செரைனா. நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

உன்,
ஃபிரிடோலின்