ஹவ்ரானிட்சே கோட்டையின் மேற்குச் சுவரைக் கொத்தாதிருக்கக் கோரி

அனுப்புநர்:
போஹுமிர் ஜெலின்கா,
பூச்சு வேலைக் கொத்தனார் (ஓய்வு),
ஆலை வீதி, ஹவ்ரானிட்சே, மொராவியா, செக் குடியரசு.

பெறுநர்:
பழஞ்சின்னங்கள் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: கோட்டைக் கீழ்த்தளத்தின் மேற்குச் சுவர் வேலையை நிறுத்துதல், என் தவற்றை ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கோட்டை பிரபுக்கள் போருக்கென்று கட்டியது. பிறகு அதில் தானியம் கொட்டினார்கள், பீர் காய்ச்சினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில், 1950 முதல் பத்தாண்டுகள் அரசியல் கைதிகளின் சிறை. 1961இல் கூட்டுறவுப் பண்ணையின் உருளைக்கிழங்குக் கிடங்கு. இப்போது விடுதியாகிறது, கீழ்த்தளம் ஒயின் கூடமாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

2. சிறையைக் கிடங்காக்கியபோது சுவர் பூசியவன் நான். மேற்குச் சுவர் முழுக்கக் கைதிகள் ஆணியால் கீறிய பெயர்கள். ஒன்றும் வெளியே தெரியக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. பழைய சுவரை உளியால் கொத்திவிட்டால்தான் புதுப் பூச்சு பிடிக்கும். அதைக் கொத்த எனக்குக் கை வரவில்லை, அப்படியே பூசிவிட்டேன். வேலை போய்விடுமே என்று வாயையும் மூடிக்கொண்டேன்.

3. பிடிப்பில்லாத அந்தப் பூச்சு இப்போது பொருமி நிற்கிறது. ஆகவே கல்லின் மேற்பரப்போடு சேர்த்து இயந்திரத்தால் கொத்தியெடுத்துச் சிமென்ட் பூச ஒப்பந்தப் பொறியாளர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. உள்ளே பெயர்கள் இருப்பது அவருக்குத் தெரியாது.

4. லுட்மிலா ஹனாகோவா என்ற அம்மாளின் தந்தையை 1952இல் இச்சிறைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு தகவலே இல்லை. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்ற அவருக்கு ஒரு கல்லறை கிடையாது. கோட்டை வாசலில் ஏற்றிவிட்டுப் போவார். சென்ற நவம்பரில் என்னைத் தேடி வந்து, "நீங்க பூசின சுவருன்னு சொல்றாங்களே, ஒரு பேராவது கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா, வெறும் சுவருதான்" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி என்னை அரிக்கிறது, ஐயா.

திங்களுக்குள் வேலையை நிறுத்தித் தாங்கள் ஆணையிட வேண்டும். கரணையை மெதுவாகச் செருகினாலே அந்தப் பூச்சு பாளம் பாளமாக வந்துவிடும்; நானே எடுத்துத் தருகிறேன். அந்த அம்மாளுக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டாம். நானே போய்ச் சொல்கிறேன். சன்னலுக்குக் கீழே, இடது ஓரம், தோள் உயரத்தில் வோய்தேஹ் ஹனாக் என்று அவர் தந்தையின் பெயர் இருக்கிறது. அடியில் ஒரு தேதி. அதற்கும் அடியில், "லுட்மிலாகிட்ட சொல்லுங்க" என்று ஒரு வரி.

அதைப் படித்துவிட்டுத்தான் பூசினேன்.

இடம்: ஹவ்ரானிட்சே
நாள்: 10.3.1994

எத்தண்டனைக்கும் உடன்படும்,
போ. ஜெலின்கா