குறுக்காக வெட்டிய ஆப்பிள்

ஃப்ளோரன்ஸ், ஆகஸ்ட் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறன்று இலாரியாவின் வீட்டில் பெண் கேட்டேன். சாப்பிட்டு முடித்ததும், நம் பள்ளத்தாக்கு வழக்கப்படி ஆப்பிளைக் குறுக்காக வெட்டினேன். அவள் அப்பா தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"குறுக்கா வெட்டுறியே, அந்தக் காலத்துல போப்போட சண்டை போட்ட பேரரசர் கட்சியா நீ? நாங்க எழுநூறு வருஷமா போப் கட்சி, தம்பி. இங்க நேராத்தான் வெட்டுவோம்."

"அப்பா, அந்தச் சண்டை எப்பவோ முடிஞ்சு போச்சு," என்றாள் இலாரியா.

"யார் சொன்னா?"

சிரித்தார். ஆனால் சம்மதம் சொல்லவில்லை. அடுத்த மாதம் நம் வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் சொல்வாராம்.

அறையில் நேராக வெட்டிப் பழகுகிறேன். கை குறுக்கேதான் போகிறது.

நம் ஊர்ப் பாலாடைக்கட்டி அனுப்புங்கள். சின்னத் துண்டாக, சாப்பிட நான் ஒருவன்தான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அவர் வரும் நாளில் மேசையில் ஆப்பிள் வேண்டாம், அம்மா. திராட்சை வையுங்கள்.

தூலியோ