செத்தது அவள், நீந்துவது நான்

ஜூன் 2, திங்கள்

எண்பத்து மூன்று கிலோ. பக்கத்துப் பண்ணையில் கோழி எடை போடும் மிஷினில் ஏறி நின்று பார்த்தது. லோடு ஏற்ற வந்த ஆள் ஒருத்தர், "ஏனுங்கக்கா, உங்களை எந்தக் கூண்டுலீங்க ஏத்தறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எல்லாம் என் மகள் தமிழினி செய்கிற கூத்து. கோயமுத்தூரில் நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் நாலாம் தேதி காலேஜ். நான் எழுபத்தைந்துக்கு வராமல் போகமாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. எனக்குத் தெரியாதா. மாசி மாதம் ஒரு மத்தியானம் மோர் வாங்கப் போனவள்தான் கலைமணி விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தாள்.

கலைமணி என் ஓரகத்தி. என் கொழுந்தனார் தனபாலின் வீட்டுக்காரி. தொண்ணூற்றிரண்டு கிலோ. என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஹார்ட்டு என்றார்கள்.

செத்தது அவள். நீந்துவது நான்.

ஜூன் 3

அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி கிணற்றில் நீச்சல் முக்கால் மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி நடை. தினமும் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது இருபது தடவை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கி இறக்குவது வேறு.

"தெனமும் ரெண்டு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்து, தண்ணி சொமந்து, சாணி வழிக்கறேனே, அது என்ன சாமி?"

"அது வேலைம்மா. இது எக்ஸர்சைஸ்."

வேலைக்குக் கிலோ குறையாதாம். எவன் கண்டுபிடித்தான் இதை.

ஜூன் 4, புதன்

கலைமணி போன பிறகு இன்றைக்குத்தான் கிணற்றில் இறங்கினேன். நைட்டிக்குள் காற்று புகுந்து பந்து மாதிரி உப்பிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் இறங்கினால் அவள் மேலிருந்து குதிப்பாள், ஏழாவது படி வரைக்கும் நனையும். "கெணத்த ஒடைச்சுப் போடாத புள்ள" என்று திட்டுவேன். "ஒடைஞ்சா பாதி உங்களுதுதானுங்க்கா" என்பாள்.

பாதிதான். கிணறு இரண்டு குடும்பத்துக்கும் பொது. திங்கள், புதன், வெள்ளி மோட்டார் முறை எங்களுக்கு. மற்ற நாள் தனபாலுக்கு. ஞாயிறு பேசிக்கொள்வது. அதனால்தான் எங்கள் நாளாகப் பார்த்து நீச்சல் போட்டிருக்கிறாள்.

ஏறி வந்து ஆறு தோசை தின்றேன். ஏழு.

ஜூன் 5

நடை. அது நீச்சலைவிடக் கேவலம். கையில் ஒன்றும் இல்லாமல் சும்மா ரோட்டில் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம், "எங்கீங்க போறீங்க?" "எங்கேயுமில்லீங்க, சும்மா நடக்கறேன்." ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்கோங்க்கா" என்கிறாள். ஓரகத்தி போனதில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

ஜூன் 7

புல்லுக் கூடையும் அரிவாளும் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் நடக்கவும் ஒரு கூடை வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

எண்பத்து நாலு. கூடியிருக்கிறது!

மிஷின் தப்பு என்றேன். "மிஷின் தப்பில்லம்மா, தோசை தப்பு" என்கிறாள். தண்ணீரில் கிடந்து ஏறினால் பசி கொல்லுமாம், நீச்சலை மட்டும் நம்பக் கூடாதாம். இனிமேல் நடந்துவிட்டு அதே சூட்டில் நீந்த வேண்டுமாம். ஏறியதும் இரண்டு முட்டை, ஒரு சொம்பு மோர். அவ்வளவுதான்.

போர் போடும் ரிக் வண்டியோடு ஒரிசாவில் இருக்கிற என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதேன். "ஏம் புள்ள, ஆயிரம் அடி போர் போடறவனே இத்தன பொலம்ப மாட்டான்" என்றார். வைத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

எண்பத்திரண்டரை. நாற்காலி உட்கார்ந்து எழுந்ததில் ஒரு கால் உடைந்துபோனது. நாற்காலிக்கு.

தனபால் இன்னும் வீட்டை விட்டு வரவில்லை. நாலு மாதமாகிறது. தோட்டம் காட்டுப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. கட்டிலில் கிடந்துகொண்டே போனில் மோட்டாரைப் போடுகிறார், நிறுத்துகிறார். சோறு கொடுத்துவிட்டால் பாதி திரும்பி வருகிறது.

ஜூன் 26, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

தப்பு என்மேல்தான். கிழமையை மறந்தேன். நடை முடிந்த சூட்டில் நீந்து என்றாளே என்று, நடக்கிற நாளான இன்றைக்கே இறங்கிவிட்டேன். அவர் முறை என்று தோன்றவேயில்லை. நாலு மாதமாக ஆளே வராத முறையை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது.

சுவரோரக் குழாயைப் பிடித்துக்கொண்டு கால் அடித்தேன், நூறு, இருநூறு என்று எண்ணிக்கொண்டு. மோட்டார் தண்ணிக்குள்ளே இருப்பது, சத்தமே வராது. திரும்பிப் பார்க்கிறேன் — கடைசிப் படி தலைக்கு மேலே போய்விட்டது. எட்டிப் பிடித்தால் விரல் நுனி படுகிறது. தூக்க முடியவில்லை. எண்பத்திரண்டு கிலோவை எந்தக் கை தூக்கும்?

கத்தினேன். யாருமில்லை. போன் மேலே மேடையில் அடித்து அடித்து நின்றது. தண்ணி எறங்குது, எறங்கிட்டே இருக்குது. கலைமணி, உனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா? கூப்புட்டியா? நான் பக்கத்து ஊட்டுலதானே இருந்தேன். டிவி பாத்துட்டு.

அப்புறம் மேலே தலை தெரிந்தது. தாடியும் லுங்கியுமாகத் தனபால். அண்ணி என்னை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங் நங்கையா, எம்மொறையில என்னுங்க பண்றீங்க?"

"மொதல்ல மோட்டார நிறுத்துங்க!"

"அதெல்லாம் வாரப்பவே நிறுத்திட்டனுங்."

படியில் உட்கார்ந்து கையைக் கொடுத்தார். இழுத்த இழுப்பில் அவரே தலைகுப்புற உள்ளே வந்தார். பிறகு தண்ணீருக்குள்ளேயே கடைசிப் படிக்கல்லில் தொங்கிக்கொண்டு, தோளைக் காட்டினார். கொழுந்தனார் தோளில் கால் வைத்து ஏறினேன். "எங்கண்ணன் பாவமுங்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மேலே வந்தும் அவர் துண்டை எடுக்கவில்லை. நனைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "தமிழு போன் பண்ணுச்சுங், அம்மா போன எடுக்கலைன்னு. ஒரே ரிங்குல எடுத்துட்டன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு அவ ஒம்பது தடவ கூப்பிட்டிருக்கறாளுங் நங்கையா. டீக்கடையில போனு சார்ஜுல கெடந்துச்சு."

இதை இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லையாம்.

ஜூன் 27

தமிழினி அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டாள். காலேஜுக்கு நிச்சயம் போகமாட்டாள். நானே கெடுத்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

அட்டவணை இல்லாவிட்டால் எனக்கு இறங்கத் தெரியாதா? போனேன். கிணற்று மேடையில் தனபால் உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு எங்க மொறைங்க" என்றேன். "தெரியுமுங். மோட்டார காவல் காக்கறன்" என்றார். சுவிட்சைப் பிடுங்கி லுங்கியில் முடிந்து வைத்துக்கொண்டவர் மாதிரி ஒரு முகம்.

ஜூலை 13, ஞாயிறு

எண்பது. தினமும் வருகிறார். நான் சுற்றுவதை எண்ணுகிறார். "பதினெட்டுங்." "இருபது ஆச்சு!" "இல்லீங், ரெண்டு குழாயப் புடிச்சுட்டு நின்னுட்டீங்க." வம்பில் கலைமணிக்கு மேல் இருக்கிறார் இந்த மனுஷன்.

ஆகஸ்ட் 2, சனி

எழுபத்தெட்டு நானூறு. வாசலிலேயே சொல்லிவிட்டேன், "எழுபத்தஞ்சு வரல கண்ணு. என்னால ஆகல." திட்டுவாள் என்று இருந்தேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பரவால்லம்மா. சித்தப்பா இப்ப ஒரே ரிங்குல எடுக்கறாரு."

கிழித்துப் போட்டதைப் போலவே இன்னொரு அட்டவணை எழுதியிருந்தாள். என்னிடம் தரவில்லை. அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்றுப் பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டில் சத்தமில்லை. கூடையை எடுத்துக்கொண்டு நடந்து, கிணற்றுக்குப் போனேன். தனபால் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். "பாப்பா அட்டவணையில எனக்கும் பேரெழுதிருச்சுங் நங்கையா" என்று சொல்லிவிட்டு மேலிருந்து குதித்தார்.

இரண்டாவது படிகூட நனையவில்லை. நெஞ்செலும்பு எண்ணலாம் போல இருக்கிறது.

நாளைக்குத் தோசை மாவு கூட ஆட்ட வேண்டும். எனக்கில்லை.