அடியில் கேட்ட தட்டல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? நிலநடுக்கச் செய்தி பார்த்துப் பதறியிருப்பாய். எங்கள் அறையில் சுவர்ப்பூச்சு உதிர்ந்து என் டிபன் பாக்ஸ் நசுங்கியது, அவ்வளவுதான்.

பக்கத்துத் தெருவில் மட்டும் ஒரு மாடிக் கட்டடம் விழுந்துவிட்டது. சைட்டிலிருந்து கடப்பாரையோடு ஓடினோம். முடிவெட்டுபவர், பேங்க் அதிகாரி என்று எல்லோரும் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினோம். சலவைக்கடை அம்மாவை உயிரோடு எடுத்தோம். வெளியே வந்ததும், "கடையப் பூட்டினேனா?" என்றுதான் கேட்டார். சிரித்துவிட்டோம்.

அவ்வப்போது எங்கள் மேஸ்திரி கையைத் தூக்குவார். அடியிலிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்க, மொத்தத் தெருவும் அசையாமல் நிற்கும். அப்படி ஒருமுறை நான் கம்பியால் தட்டினேன். கீழேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

"பேர் சொல்லிக் கூப்பிடுப்பா, தெம்பா இருக்கும்" என்றார் மேஸ்திரி.

யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? "அண்ணே, அக்கா, இதோ வந்துட்டோம்" என்று மாற்றி மாற்றிக் கத்தினேன். நாங்கள் தோண்டிப் போய்ச் சேர்வதற்குள் தட்டல் நின்றுவிட்டது.

தோள்வலிக்குத் தைலம் அனுப்பு. பாப்பா சத்தமாகப் பாடம் படிப்பதைப் பதிவு செய்தும் அனுப்பு. அறை அமைதியானால் காது எதையோ தேடுகிறது.

வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. ஒன்று மட்டும். லீவில் வரும்போது என்னைக் கதவைத் தட்டி எழுப்பாதே. 'ஏங்க' என்றும் வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து நீ சொல்லாத என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அம்மா ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்.