நடுவில் வைத்த ஏழு தட்டுகள்

என் கண்ணு தங்கராசுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. போன வாரம்தான் பாண்டிச்சேரிக்குப் போய் உன் அறையைக் காலி செய்துவிட்டு வந்தேன். இரண்டு பை துணி, ஒரு குக்கர், நீ வேலை பார்த்த டைல்ஸ் கடையில் உனக்குக் கொடுத்த கடிகாரம், அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா சாவியை வாங்கிக்கொண்டு, "நல்ல மனுஷன், இருக்கிற சத்தமே தெரியாது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தமில்லாமல்தானே எல்லாவற்றையும் செய்து முடித்தாய்.

மதியம் பசித்தது. தம்பி செத்த ஊரில் அக்காவுக்குப் பசிக்கிறது, பார். கால் நேராகக் கடற்கரைப் பக்கத்துத் தெருவில் இருக்கிற அந்த ஓட்டலுக்குத்தான் போனது. போன கார்த்திகையில் என்னையும் கவிதாவையும் நீ கூட்டிப்போன அதே ஓட்டல்.

கவிதாவின் கல்யாணப் பத்திரிகையை முதலில் தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும் என்று நானும் அவளும் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தோம். தாம்பூலத் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். "சமைக்கிறேன், குக்கர் எங்கடா?" என்று கேட்டதற்கு, "அக்கா, நீ ஊட்லயும் அடுப்படி, மெஸ்லயும் அடுப்படி. இன்னைக்கு வெளிய போலாம் வா" என்று இழுத்துக்கொண்டு போனாய்.

அங்கே ஒரு பெண் வந்து விளக்கம் சொன்னாள். ஜப்பான், தாய்லாந்து, கொரியா எல்லா ஊர்ச் சாப்பாடும் கலந்து செய்வார்களாம். ஆளுக்கு ஒரு சாப்பாடு என்று கிடையாதாம், எல்லாம் நடுவில் வைப்பார்களாம், எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமாம். எங்கள் முன்னால் சட்னிக் கிண்ணம் அளவுக்கு ஒரு தட்டும் இரண்டு மரக் குச்சியும் வைத்தாள். "ஏனுங்க பாப்பா, இது ஆளுக்கு எத்தனை வருமுங்க?" என்று கேட்டேன். கவிதா வெட்கப்பட்டு என் தொடையில் கிள்ளினாள். நீ சிரித்தாய்.

ஏழு தட்டு வந்தது. பஞ்சு மாதிரி வெள்ளை ரொட்டியைப் பிளந்து கோழி வைத்த ஒன்று, பப்பாளிக்காயைச் சீவி வேர்க்கடலை தூவிய ஒன்று, எள்ளு போட்ட கத்திரிக்காய், தேங்காய்ப்பால் விட்ட பச்சைக் குழம்பு. மற்றதெல்லாம் பெயர் மறந்துவிட்டது. "நல்லா இருக்குதுக்கா, இதத் தின்னு பாரு" என்று ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினாய். குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் நான் திண்டாடியதைப் பார்த்து நீயே எடுத்து வைத்தாய். எனக்கு வைத்தாய், கவிதாவுக்கு வைத்தாய், பேசிக்கொண்டே இருந்தாய். "நீ தின்னுடா" என்றதற்கு, "நான் நெனச்சா வாரேன், நெனச்சாத் திங்கறேன். நீங்க எப்ப வரப் போறீங்க?" என்றாய். ஏழு தட்டும் காலியானது. "காசு குடுத்து ஓட்டல்காரனுக்குப் பாத்திரம் கழுவி வெச்சுட்டு வந்துட்டோம்" என்று வெளியே வந்து நான்தான் கேலி பேசினேன்.

பதினெட்டு வருஷமாக லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் மெஸ் நடத்துகிறேன். இலையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்பது என் திமிர். வெல்டர் ஆறுமுகம் இரண்டு நாள் ரசத்தோடு எழுந்தபோது, காய்ச்சல் என்று அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. பெயிண்டர் ஒருவன் பொரியலை அப்படியே ஒதுக்கியபோது, பல் வலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "அக்கா இலைய எட்டிப் பாத்தாங்கன்னா ஆஸ்பத்திரிதான்" என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட எனக்கு, உன் முன்னால் ஒரு இலை இல்லாததால் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

போன வாரம் அதே பெண் வந்து, "சார் வரலைங்களா மேடம்?" என்று கேட்டாள். சொன்னேன். அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார் அடிக்கடி வருவாரு மேடம். தனியா வந்தா வெறும் சூப்தான். அதையே ஒரு மணி நேரம் குடிப்பாரு. நீங்க வர்றதுக்கு முந்தின நாள் வந்து சொல்லிட்டுப் போனாரு. தட்டு காலியாக ஆக உடனே எடுத்துடும்மா, என் முன்னாடி இருக்கிற சின்னத் தட்டையும் நடுநடுவுல மாத்திடு, எங்கக்கா பாத்தாக் கண்டுபிடிச்சுரும்னு சொன்னாரு. எனக்கு விஷயம் தெரியாது மேடம். ஏதோ விளையாட்டுன்னு நினைச்சேன்."

அவள் அழுதாள். அவளைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. அவள் மேல் என்ன தப்பு?

நீதானடா திட்டம் போட்டிருக்கிறாய். அக்காவின் கண்ணுக்குத் தப்ப வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி, யார் எவ்வளவு தின்றார்கள் என்று தெரியாத ஒரு ஓட்டலைக் கண்டுபிடித்திருக்கிறாய். வயிற்றிலிருந்த கட்டி அப்போதே ஒரு பிடிச் சோற்றைக்கூட உள்ளே விடவில்லையாம். எப்படிடா சிரித்தாய்?

கல்யாணத்திலும் அதையேதான் செய்தாய். தாய்மாமன் பந்தியில் உட்காராமல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாய். "மாமன்னா இப்படி இருக்கோணும்" என்று மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் சொன்னார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது, தையல்காரனைத் திட்டினேன்.

மாசியில்தான் வந்து சொன்னாய். சேலத்தில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா" என்றார். மாசி, தை, மார்கழி என்று அங்கேயே விரல் விட்டுப் பார்த்தேன். கணக்கு நேராகப் போய்க் கார்த்திகையில், அந்த ஓட்டல் மேசையில் நின்றது. வெளியே வந்து ஏன்டா என்று கேட்டேன். "மாமனுக்கு இப்படின்னு தெரிஞ்சா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருப்பீங்க. புள்ளைக்கு எத்தனை வருசம் கழிச்சு அமைஞ்ச வரன்" என்றாய். தள்ளிப் போட்டிருந்தால் என்ன? வேறு முகூர்த்தமே இல்லையா இந்த உலகத்தில்? கவிதாவும் இதைத்தான் கேட்கிறாள். ஓமலூரிலிருந்து போன் செய்கிறாள், மாமா என்று ஆரம்பித்தவுடன் வைத்துவிடுகிறாள். கல்யாண போட்டோவை அவள் வீட்டில் மாட்டவில்லை.

மெஸ்ஸில் இப்போது இலை போடுவதில்லை. பெஞ்சுகளை எடுத்துவிட்டேன், பார்சல் மட்டும்தான். "ஏனுங்க்கா, நாங்க எங்க போயி உக்காந்து திங்கறது?" என்று ஆறுமுகம் கேட்டான். யார் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று இனி எனக்குத் தெரிய வேண்டாம். பார்த்தால் மட்டும் காப்பாற்றிவிடுவேனா? பார்க்க வேண்டிய ஒருவனைப் பார்க்கவில்லை. நாள் போனால் ஆறிவிடும் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறும் என்று தோன்றவும் இல்லை.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நீ இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தட்டை முன்னால் வைத்தால் கையை வைக்க மாட்டாள், ஒரு கேள்வி கேட்பாள்.

"பத்திரிகை வெக்கப் போனீங்களே சாமி, அன்னைக்கு உங்ககூட உக்காந்து நல்லாத் தின்னானா?"

"தின்னாம்மா. ஏழு தட்டு. ஒரு பருக்கை மிச்சம் வெக்கல."

"அப்பச் செரி" என்பாள். அதற்குப் பிறகுதான் சோற்றைப் பிசைவாள். இரண்டு வேளையும் இதுதான். ஒருநாள் சொல்லப் பிடிக்காமல் பேசாமல் இருந்தேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பாண்டிச்சேரியிலிருந்து திரும்பிய அன்றும் கேட்டாள். அந்தப் பெண் சொன்னதைச் சொல்லவில்லை. ஏழு தட்டு என்றுதான் சொன்னேன். அம்மாவுக்குப் படிக்க வராது, அதனால்தான் இதை எழுதவாவது முடிகிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், தங்கராசு. உன்னைக் காப்பாற்றத் துப்பில்லாத அக்காவால் முடிந்தது இது ஒன்றுதான். அம்மா கேட்கிற கடைசி வேளைவரைக்கும் நீ வயிறாரத் தின்றாய் என்று சொல்வேன், குரல் மாறாமல் சொல்வேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு, ருசியாக இருந்தது என்று சொன்ன
உன் அக்கா சரசு