முட்டையைத் திருப்பிய கை

என் ரோசம்மா அக்கா,

தேயிலை மேட்டில் இன்றைக்கும் மழை. உன் கோழிகள் ஒன்பதும் நலம். அந்தக் கழுத்து மொட்டைச் சேவல் இன்னும் என்னைத்தான் துரத்துகிறது. நீ இருந்தபோது எனக்காக அதை ஒருநாளாவது அதட்டியிருக்கிறாயா? எஸ்டேட் லயத்து வீட்டில் பாம்பு வளர்க்கக்கூடாதென்று புது மேனேஜர் கடுதாசி அனுப்பினார். என் பெர்மிட்டை நகல் எடுத்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. போன வாரம் வளையமில்லாத குட்டி பிறந்துவிட்டது, அக்கா.

உனக்குத் தெரியும், இதைப் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நம் மலையில் சிவப்புச் சாரை உண்டு. விஷம் கிடையாது. செம்பு நிற உடம்பில் கறுப்பு வளையங்கள். வளையமே இல்லாமல், பழுத்த பப்பாளி நிறத்தில் ஒரு பெண் பாம்பு முன்பு என்னிடம் இருந்தது. அதன் குட்டிகள் எல்லாம் வளையத்தோடுதான் பிறந்தன. ஊரே சிரித்தது. நிறம் உள்ளே ஒளிந்திருக்கிறது, இந்தக் குட்டிகளையே வளர்த்துச் சேர்த்தால் பேரக்குட்டிகளில் வெளியே வரும் என்றேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

"ஏன்டா அருளு, பாம்புக்குக் கலரு பாக்கிறவன் நீ ஒருத்தன்தான்லா. இந்த அக்கறைய ஒரு பொண்ணு பாக்கிறதுல காட்டியிருந்தா இந்நேரம் பேரன் எடுத்திருப்ப" என்றாய்.

அந்தக் குட்டிகள் வளர்ந்து சேர மூன்று வருடம் காத்திருந்தேன். ஈரப்பாசி நிரப்பிய பெட்டியில் ஏழு முட்டை. அந்த நேரம் பார்த்து எனக்கு மலைக்குக் கீழே ஈப்போவில் கண் ஆபரேஷன், பத்து நாள். "பெட்டியத் தொடாத. தண்ணிகூடத் தெளிக்காத. எல்லாம் நானே ஊத்தி வெச்சிட்டேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் போட்டிருந்த சிலுவைக்குறி ஒன்றுகூட மேலே இல்லை. பாம்பு முட்டை, போட்ட வாக்கிலேயே இருக்க வேண்டும்; புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும் என்பார்கள். நீ கோழிமுட்டையைத் திருப்பிவைத்தே பழகியவள். ஏழும் பூஞ்சை பிடித்து அமுங்கிக் கிடந்தன.

"அடிப்பக்கம் கொழகொழன்னு ஈரமா இருந்துச்சுடா. காயட்டும்னுதான் திருப்பி வெச்சேன்" என்றாய்.

நான் கேட்டேனா? "கோழி மேய்க்கிறவகிட்ட விட்டுட்டுப் போனது என் தப்பு" என்று லயமே கேட்கக் கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலிலும் சொன்னேன்.

அதன்பிறகு ஐந்து மாதம், ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோறு வெந்துவிட்டதா என்பதைக்கூடப் பக்கத்து வீட்டு லெட்சுமி வழியாகத்தான் கேட்டேன். "அண்ணே, நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் டெலிபோனா?" என்று அவள் சலித்துக்கொள்வாள். நீ அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாய்: "வெந்துடுச்சுன்னு சொல்லு லெட்சுமி. ரசமும் இருக்குன்னு சொல்லு."

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டிக் கடைசியாகப் படுத்திருந்தபோது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அது மறுபடி முட்டை போடுமாடா?"

"ம்" என்றேன். இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய்முத்து உதிர்ந்திருக்குமா?

இந்த வருடம் ஐந்து முட்டை. மூன்றாவது வாரம் பெட்டியை அலமாரியில் ஏற்றும்போது கை தவறிச் சரிந்துவிட்டது. முட்டைகள் உருண்டு, குறிகள் திசைக்கு ஒன்றாகப் போயின. உன்னைத் திட்டியதையெல்லாம் சொல்லி என்னையே திட்டிக்கொண்டேன். வீச மனமில்லாமல் அப்படியே வைத்தேன். நான்கு பொரித்தன. கடைசிக் குட்டி பப்பாளி நிறம். தலை முதல் வால்வரை ஒரு வளையம் இல்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு கோப்பைத் தேநீர் ஆறும்வரைகூட நிற்கவில்லை. உருண்ட முட்டை பொரிக்கும் என்றால், அன்றைக்கு ஏழும் ஏன் செத்தன?

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 'பத்து நாளைக்கும் சேர்த்து நான்கு குவளைத் தண்ணீர்.' இந்த வருடம் பத்து நாளைக்கு ஊற்றியது அரைக் குவளை. உன்னைத் தெளிக்கவிடக் கூடாதென்று நானே மொத்தமாக ஊற்றியிருக்கிறேன். முட்டைகள் தண்ணீரில் மூச்சடைத்து அழுகியிருக்கின்றன. அவை கெட்டுக்கொண்டிருப்பது தெரிந்துதான் நீ திருப்பியிருக்கிறாய். அன்றே சொல்லவும் செய்தாய்.

லெட்சுமியிடம் சொன்னேன். சேவலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இத அக்கா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ண்ணே" என்றாள்.

ஊர் கேட்கக் கத்தியதை ஊர் படிக்கத்தான் திருத்த வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவத்தியோடு கூடும்போது, உன் பக்கத்தில் நின்று வாயாலும் சொல்வேன்: முட்டையைக் கெடுத்தவன் நான். பப்பாளிக் குட்டியை விலைக்குக் கேட்டு பிரிஞ்சாங் டவுனிலிருந்து ஆள் வந்தது. கொடுக்கவில்லை. அது வளர்ந்து முட்டை போடும் நாளில், குறி போட்ட கையோடு, அடியில் விரல் விட்டு ஈரம் பார்ப்பேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அக்கா. தொடாதே என்று சொன்ன பெட்டியைத் தொட்டாய். அது தப்புதான். இன்னும் நாலு நாள் முன்னாலேயே தொட்டிருக்க வேண்டும்.

இன்னும் ரசம் வைக்கத் தெரியாத உன் தம்பி,
அருளப்பன்